மார்லீயின் படம் ஒட்டிய ஜாடி

எண்ணெய்க் கிணற்று வேலையில் கிடக்கும் என்னவருக்கு,

பெட்ரோல் பங்க் கல்லாவில் நம் மகள் மார்லீயின் படம் ஒட்டி, அவள் இன்சுலினுக்குக் காசு சேர்க்க வைத்திருந்த ஊறுகாய் ஜாடியை எடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள். உங்கள் ஓவர்டைமால் வருமானம் வரம்பைத் தாண்டி, பிள்ளையின் அரசுக் காப்பீடு நின்றுபோனது உங்கள் குற்றமில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் அவள் கிடந்ததைப் பற்றி எழுத மாட்டேன்.

அந்த வரம்பை உயர்த்தும் மசோதாவைப் பற்றிச் சட்டசபைக் குழுவில் யாரும் பேசலாம் என்றார்கள். போனேன். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஜாடியை மேசையில் வைத்து, "எங்க ஊர்ல பிள்ளைக்கு இன்சுலின் வாங்குறது இப்படித்தாங்க" என்றேன்.

குழுத்தலைவர் எழுந்து வந்தார். பர்ஸைத் திறந்து இருபது டாலரை ஜாடிக்குள் போட்டார். "பாப்பாவுக்காக ஜெபம் பண்றேம்மா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நோட்டை எடுத்து அவர் கையிலேயே வைத்தேன். "உங்க பணத்த நான் கேக்கலங்க, ஐயா. உங்க ஓட்டத்தான் கேட்டேன்."

கைதட்டல் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. மடியில் ஜாடியோடு முன்வரிசையில் உட்காரப் போகிறேன். வருமானம் வரம்புக்குக் கீழே வர ஓவர்டைமை விட்டுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள். குனிய வேண்டியது நாம் இல்லை.

உங்கள் பிடிவாதக்காரி