தேருக்குப் போனவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் சைட்டில் கம்பி வரவில்லை, தண்ணீர் லாரி வரவில்லை. நான் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டேன், எனக்கு யாரும் மாலை போடவில்லை.

மீட்டிங். ப்ராஜெக்ட் மேனேஜர், பி.எம். சார், எல்லார் முன்னாலும் சொன்னது: "இந்த வீராம்பட்டினம் செட்டுதான் நம்ம ஜாபையே கெடுக்குது. குடோன் எப்ப முடியும்னு ஓனர் தெனமும் போன் பண்றாரு. செட்ட மாத்திட்டு நார்த் ஆளுங்கள இறக்கிடலாம்னு இருக்கேன்."

அந்தச் செட்டுக்கு மேஸ்திரி என் அப்பா. அது பி.எம்.முக்குத் தெரியும். தெரிந்துதான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் சைட் இன்ஜினியர். சைட்டில் நான் அப்பாவை மேஸ்திரி என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அதனால் மகள் இல்லை என்று ஆகிவிடுமா? பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பி கட்டும் செட். இருபது பேருக்கு மேல். எல்லாரும் எங்கள் ஊர், பாதிப் பேர் சொந்தம். கடலை நம்பி வயிறு நிறையாமல் கரையேறியவர்கள். இதுவும் போனால் எங்கே போவார்கள்?

சனி ஞாயிறு வகுப்பில் எம்.டெக். கட்டுமான மேலாண்மை, கடைசி செமஸ்டர். என் ப்ராஜெக்ட், ஒரு கட்டடம் ஏன் தாமதமாகிறது என்பது. எங்கள் சைட்டையேதான் எடுத்திருக்கிறேன். முடிவு செய்துவிட்டேன். தப்பு ஆட்கள் மேல் இல்லை, திட்டம் போட்டவர்கள் மேல்தான் என்று கணக்கோடு காட்டப்போகிறேன். பி.எம். வாயே திறக்கக் கூடாது.

வாங்க வேண்டியது: பிரேக் ஒயர், அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை, ஏ4 தாள்.

ஜூன் 7, சனி

வகுப்பு. ஏ.சி. ரிப்பேர். கைடு மேடம் என் அட்டவணையைப் பார்த்தார். போன வருஷம் முதல் தளம் தள்ளிப்போனதற்குக் காரணம் என்ற இடத்தில் மழை, மழை, மழை.

"இந்தத் தேதியில எல்லாம் மழையே இல்லையேம்மா? வானிலை ரெக்கார்டைப் பாரு. காய்ஞ்சு கெடந்திருக்கு."

காது சூடாகிவிட்டது. நேரே சைட்டுக்குப் போய் சூப்பர்வைசர் தேவாவைப் பிடித்தேன். தினமும் ரிப்போர்ட் எழுதுவது அவர்தான். சிரிக்கிறார்.

"இன்னா மேடம், புதுசா கேக்கறீங்க? ஆடின்னா மழைன்னுதான் எழுதறது. நான் பாத்த எல்லா கம்பெனிலயும் அப்படித்தான். தேருக்குப் பூட்டானுங்கன்னு எழுதுனா எவன் ஒத்துக்குவான்? மழைன்னா ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்."

எங்கள் ஊர் அம்மன் தேர் எனக்குத் தெரியாதா? ஆடி பிறந்தால் வெள்ளிக்கு வெள்ளி ஆள் குறையும். தேர் வாரத்தில் சைட்டே காலி. போன வருஷம் நானும் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுத் தேர் பார்க்கப் போனவள்தான்.

ஜூன் 10, செவ்வாய்

கிடைத்துவிட்டது! திட்டம் போட்டது சென்னை ஆபீசில். அவர்கள் கம்ப்யூட்டரில் போட்ட லீவுக் காலண்டரைத் திறந்து பார்த்தேன். அரசு விடுமுறை ஒன்று விடாமல் இருக்கிறது, எங்கள் ஆட்கள் வேலைக்கு வரும் நாட்கள் உட்பட. ஆடித் தேருக்கு ஒரு நாள்கூட இல்லை. முதல் தளம் கான்கிரீட்டைச் சரியாகத் தேர் வாரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மடையன்கள். பாண்டிச்சேரியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களே.

எழுதினேன்: காரணம் மழை அல்ல, தேர்த் திருவிழா. முன்பே தெரிந்த நாள். அதற்கு இடம் விடாதது திட்டமிட்டவரின் பிழை. தொழிலாளர்களின் பண்டிகைகளைத் திட்டத்தில் சேர்ப்பது அவசியம்.

கைடு மேடம் போனில்: "இதத்தாம்மா இத்தன நாளா உன்கிட்ட எதிர்பாத்தேன்." சந்தோஷத்தில் இரண்டு பரோட்டா கூடுதலாக உள்ளே போனது.

அப்பாவிடம் சொன்னேன். "உன் செட்டு மேல தப்பில்லன்னு எழுதிட்டேன்பா. இனிமே எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது." டிவியில் கபடி. "ம்" என்றார். என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

பைண்டிங் வந்தது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. என் பெயரில் ஓர் எழுத்து சாய்ந்திருக்கிறது. கடைக்காரரிடம் காட்டினால் "அதெல்லாம் தெரியாதும்மா" என்கிறார். தெரியாது என்பவன் எதற்கு எழுதுகிறான்?

சைட் விவரத்தை எடுத்ததால் கம்பெனிக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்பது விதி. பி.எம். வாங்கிக்கொண்டு, "நானும் படிக்கிறேம்மா" என்றார். படி. நல்லாப் படி.

ஜூலை 4, வெள்ளி

வைவா. வெளியூர்த் தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார், இரண்டு போன் பேசினார், "வெரி யூஸ்ஃபுல்" என்றார். பிறகு பீச் ரோட்டுக்கு வழி கேட்டார். மூன்று வருஷ சனி ஞாயிறு இப்படி முடிந்தது.

பாஸ். அம்மா கேசரி கிண்டினாள். அப்பா பக்கத்து வீடுகளுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஜூலை 8, செவ்வாய்



பி.எம். கூப்பிட்டார். மேசையில் என் கறுப்பு அட்டை. ஒரே ஒரு பக்கத்தில் மஞ்சள் கோடு.

"சூப்பர் ஒர்க்மா. இத்தன நாளா என் கையில ஆதாரம் இல்ல. மழைன்னு எழுதிட்டு ஊருக்குள்ள தேர் இழுத்திருக்கானுங்க. ஓனருக்கு அந்தப் பக்கத்த அனுப்பிட்டேன். ஆடி பொறக்கறதுக்குள்ள செட்ட மாத்தச் சொல்லிட்டாரு. காலேஜ் சீல் இருக்கு பாரு, பேச்சுக்கே எடமில்ல."

"சார், தப்பு திட்டத்து மேலதான்னு அடுத்த பக்கத்துலயே..."

"அதெல்லாம் தியரிம்மா."

அடுத்த பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. பைண்டிங்கில் ஒட்டிய தாள் ஒட்டியபடியே இருந்தது. பாவி.

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். தகர ஷெட். உள்ளே இருந்த சூட்டில் அழக்கூட முடியவில்லை.

தேவாவுக்கு மெமோ. என்னைப் பார்த்தால் வேறு பக்கம் நடக்கிறார்.

ஜூலை 11, வெள்ளி

செட்டை அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் சித்தப்பா வந்தார். அவரும் அந்தச் செட்தான். வாசலில் நின்றபடி என் காதில் விழுகிற மாதிரி: "நல்லா படிக்க வச்சண்ணா. நல்லா செஞ்சிட்டா."

சித்தப்பா போனதும் அப்பா கதவைச் சாத்தினார். பிறகு, சத்தம் போடாமல்:

"மழைன்னு இருந்தத ஏண்டி கெளறுன?"

"அது பொய்ப்பா. உங்க மேல தப்பில்லன்னு காட்டத்தான..."

"தப்பில்லன்னு காட்டச் சொல்லி எவன் அழுதான்? வேல இருந்துச்சா இல்லியா? நம்ம அம்மன ஏண்டி இழுத்தும்போய் அதுல எழுதுன?"

அம்மா குறுக்கே வந்தாள். "புள்ள நல்லதுக்குத்தானய்யா செஞ்சிது." அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

எனக்குக் கோபம். பி.எம். மேல், சென்னை ஆபீஸ் மேல், வானிலை ரெக்கார்டைப் பார்க்கச் சொன்ன மேடம் மேல். அப்பா மேலும்தான். பொய் சொல்லிக்கொண்டே பிழைத்திருக்கலாமே என்கிறாரே, அதையும் நான் படித்திருந்தால்தானே தெரியும்? எந்த செமஸ்டரில் அது இருந்தது?

ஜூலை 16, புதன்

காலையில் தூறல். அப்பா கடலூர் பக்கம் ஏதோ சைட்டில் தினக்கூலிக்குப் போகிறார், மேஸ்திரியாக இல்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னைப் பார்க்கவில்லை.

புதுச் செட் வந்துவிட்டது. பீகார். எல்லாம் சின்னப் பையன்கள், ஒருவன் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து நீட்டினான். திட்டக்கூட முடியவில்லை.

நான் இனி பிளானிங் இன்ஜினியர், இந்தச் சைட்டுக்குத் திட்டம் போடுவது நான்தான். தனி மேசை, ஜன்னல் பக்கம். பி.எம். வந்து நின்றார்.

"மேல் தளம் கான்கிரீட்ட அந்தத் தேர் வாரத்துலயே வச்சிடும்மா. இவனுங்க எங்கயும் போக மாட்டானுங்க."

சரி சார்.

"ஆனா தீபாவளி முடிஞ்சதும் ஏதோ பூஜையாம், ஒரு வாரம் ஊருக்குப் போயிடுவாங்களாம். அதுக்கு இப்பவே காலண்டர்ல லீவு போட்டு வச்சிடு. நாம முன்னாடியே எடம் விடணும்ல?"

சரி சார் என்றேன். காலண்டரில் அந்த வாரம் முழுக்க லீவு என்று சிவப்பு அடித்து, சேமித்தேன்.