வண்டியோடு வந்த ஆள்

நவம்பர் 3, திங்கள்

காலை 7.10. வெளியே பதினொரு டிகிரி. கார் மூன்றாவது முயற்சியில்தான் ஸ்டார்ட் ஆயிற்று. அதன் பிறகு ஒன்றரை நிமிடம் ஒரே குலுக்கல். டேஷ்போர்டில் வைத்திருந்த பேனா உருண்டு காலடியில் விழுந்தது. ஆர்.பி.எம் முள் ஐந்நூறுக்கு இறங்குகிறது, தொள்ளாயிரத்துக்கு ஏறுகிறது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் சமர்த்தாக ஓடுகிறது. கல்லூரி வரை ஒரு புகாரும் இல்லை.

மாலையில் அண்ணா சொன்னான்: "நாலு சிலிண்டரும் சேர்ந்து அடிக்கலை பாப்பா. ஒண்ணு மட்டும் தப்பித் தப்பி அடிக்குது." மாடி ஜன்னலில் நின்று கேட்டிருக்கிறான். முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த காது. நாற்பத்தொன்பது வயதில், முடியில் பாதி வெளுத்த பிறகும், என்னைப் பாப்பா என்று கூப்பிட இவன் ஒருவன்தான் இருக்கிறான்.

அவன் இங்கே வந்து எட்டு மாதம். வலது கண் முழுவதும் போன பிறகு, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அடுத்த வாரமே வீட்டைக் காலி செய்தான். ஒரு சூட்கேஸ், இந்தப் பத்தொன்பது வருடத்துக் கார் - அவ்வளவுதான் அவன் சாமான். இடது கண் எப்படி என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "அப்படியேதான் இருக்கு."

நவம்பர் 6, வியாழன்

இரண்டாம் முறையாக ஒர்க்‌ஷாப். இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடுகிறது, குலுக்கலும் போய்விடுகிறது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, மூடி, என்னைப் பார்த்தார்.

"மேடம், என்கிட்ட வந்தா ரொம்ப ஒழுங்கா நடந்துக்குதே. வீட்ல நீங்க எதாவது திட்டுறீங்களா?"

ஸ்பார்க் பிளக் நான்கையும் போன முறையே மாற்றியாயிற்று. பலன் இல்லை. எந்தச் சோதனையும் செய்யாமல் எதை வைத்து மாற்றினார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் மாணவர்களிடம் கேட்கும் தொனியில் வந்துவிடும்.

நானே ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன்: வெப்பநிலை, எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை விநாடி குலுங்கியது. புள்ளியியல் பாடம் எடுப்பவளுக்கு வேறென்ன தெரியும்.

நவம்பர் 12, புதன்

ஒன்பது டிகிரி. நூற்றுப் பத்து விநாடி. ஆஸ்பத்திரி வளைவில், எஞ்சின் இன்னும் சூடேறாத நிலையில், நடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் லாரி. ஹாரன். சாவியைத் திருப்பினேன், திருப்பினேன். ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "ஓட்டத் தெரியலைன்னா பஸ்ல போங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து கத்திவிட்டேன். இந்த மாதத்துக்குள் சரியாகலைன்னா வித்துடலாம், எனக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்று. அண்ணா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "சரி" என்றான். ஒரே ஒரு சரி. இத்தனை சுலபமாகச் சம்மதிக்கிறவன் இல்லை அவன்.

நவம்பர் 13, வியாழன்

மெக்கானிக்கிடம் அட்டவணையைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டு முறை படித்தார். குளிர் கூடினால் குலுக்கல் கூடுகிறது, நின்ற நேரத்தோடு சேர்ந்து. "இதை வண்டி குளிர்ந்திருக்கும்போது பாத்தாத்தான் ஆகும். சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு நானே வீட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் யாரும் சாவியைத் தொடக்கூடாது." இனி வெட்டியாகத் தேட வேண்டியதில்லை என்று பட்டது. முதல் முறையாக அவர்மேல் கொஞ்சம் மரியாதை.

நவம்பர் 15, சனி

மனசு ஆறவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு மெக்கானிக் ஸ்வெட்டரும் கழுத்தில் மஃப்ளருமாக வந்தார். நான் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். பட்டுப்போல் ஓடியது. ஒரு சிலிர்ப்புக்கூட இல்லை.

அவர் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார். கையை எடுத்து, மறுபடியும் வைத்தார்.

"மேடம், ராத்திரி பூரா நின்ன வண்டின்னு சொன்னீங்க. இதுல இப்ப தோசை ஊத்தலாம் போலிருக்கே."

"நான் தொடவே இல்லை."

"அப்ப பேய்தான் ஓட்டியிருக்கணும்."

இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாவைப் பார்த்தோம். அவன் காம்பவுண்டுச் சுவரை, ஏதோ அதில் எழுதியிருப்பதுபோல், உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் நல்ல மனிதர். "டாக்டர் வர்றார்னு நோயாளிக்குக் காய்ச்சல் மாத்திரை குடுத்து, பவுடர் பூசி உட்கார வெச்சிருக்கீங்க. அப்புறம் நான் என்னத்தைப் பாக்கறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறிப் போனார்.

அண்ணா நாலே முக்காலுக்கு இறங்கிப் போயிருக்கிறான். விளக்குப் போடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இருபது நிமிடம் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து மிதித்து - ஐயோ, எங்காவது கியரில் கிடந்திருந்தால்? சுவரில் போய் மோதியிருந்தால்?

"கியரைத் தொடலை. ஒரு அடி நகர்த்தலை. சத்தியமா."

"எதுக்குண்ணா? எதுக்கு இந்தக் கள்ளத்தனம்? சரி பண்ணத்தானே அவரை வரச் சொன்னேன்!"

"நல்லாத்தான் இருக்குன்னு அவர் சொல்லிட்டுப் போயிட்டா நீ விக்க மாட்டேன்னு நினைச்சேன்."

"குலுக்கல் நாளைக்கும் வருமே. அதை எங்க ஒளிச்சு வைப்பே?"

அண்ணா சொன்னான்: "வண்டி இருக்கற வரைக்கும் நான் இந்த வீட்டுக்கு வண்டியோட வந்த ஆளு. அது போயிட்டா சும்மா வந்த ஆளு, பாப்பா."

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

நவம்பர் 16, ஞாயிறு

எட்டு மாதத்தில் ஒரு நாளாவது 'நீ இங்கே இருப்பது எனக்கு நல்லாயிருக்கு' என்று சொல்லியிருக்கிறேனா? இல்லை. தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். சொல்லாத ஒன்று எப்படித் தெரியும்?

இன்றும் வாயில் வரவில்லை. கார் சாவியை அவன் கையில் வைத்தேன். "உன்கிட்டயே இருக்கட்டும். காலைல நான் வாங்கிக்கறேன். விக்கிற பேச்சு இனி கிடையாது. ஆனா அது குலுங்கறதை மறைக்காதே."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பொத்தானையும் மாட்டிக்கொண்டான்.

நவம்பர் 19, புதன்

மெக்கானிக்கை மறுபடி அழைக்க மூன்று நாள் கூச்சம். கடைசியில் போன் செய்தேன். "வர்றேன் மேடம். இந்தத் தடவை பவுடர் பூசாம வைங்க."

நவம்பர் 23, ஞாயிறு

எட்டு டிகிரி. பானெட் பச்சைத் தண்ணீராய்ச் சில்லிட்டிருந்தது. மெக்கானிக் தொட்டுப் பார்த்து அண்ணாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

ஸ்டார்ட் செய்தேன். குலுக்கல் வந்தது. இத்தனை ஆசையோடு நான் எதிர்பார்த்த குலுக்கல் வேறில்லை.

எது தப்பி அடிக்கிறது என்று அவர் ஒவ்வொரு சிலிண்டரின் ஒயராகக் கழற்றி மாட்டிப் பார்த்தார். அண்ணா ஒரு முழ நீள ரப்பர் குழாயைக் கேட்டு வாங்கினான். ஒரு முனை காதில், மறு முனை எஞ்சின்மேல் இஞ்ச் இஞ்சாக நகர்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எனக்கு எஞ்சின் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"இங்க. காத்து இழுக்குது. ஸ்ஸ்ஸுனு."

"எங்கண்ணே?"

"மூணாவது சிலிண்டருக்குக் காத்து போற குழாய் எஞ்சினோட ஒட்டுற இடம். அடிப்பக்கம்."

மெக்கானிக் நம்பாத முகத்தோடு (அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், என்னுடையதும் அதுதான்) கிளீனர் ஸ்பிரேயை அந்த இடத்தில் அடித்தார். எஞ்சின் சட்டென்று ஒரு மூச்சு சீராகி, மறுபடி தடுமாறியது. இன்னொரு தடவை அடித்தார். அதே.

கேஸ்கெட். குழாயும் எஞ்சினும் ஒட்டும் இடத்தில் வைக்கும் அடைப்பு, பத்தொன்பது வருடத்தில் இறுகிச் சுருங்கியிருக்கிறது. குளிரில் இடைவெளி விடுகிறது, காற்றை உள்ளே இழுக்கிறது. சூடேறினால் விரிந்து அதுவே அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் உத்தமி வேஷம்.

"அண்ணே, நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடுங்க."

"லிஃப்ட் வெச்சுக் கூட்டிட்டுப் போறதா இருந்தா வர்றேன்."

நவம்பர் 27, வியாழன்

7.10. ஒன்பது டிகிரி. புதுக் கேஸ்கெட். குலுக்கல் பூஜ்யம். ஒரு நாளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நவம்பர் 30, ஞாயிறு

நான்கு நாள், நான்கு பூஜ்யம். இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். அண்ணாவிடமும் சொன்னேன் - வண்டியைப் பற்றி அல்ல. "நீ வந்ததுலேர்ந்து எனக்கு வீட்டுக்குத் திரும்பி வரப் பிடிச்சிருக்கு." அவன் செய்தி கேட்டுக்கொண்டிருந்தான். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். பிறகு கூட்டினான். போதும்.

டிசம்பர் 4, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. ஆறு மாதப் பரிசோதனை. காரில் பக்கத்து இருக்கையில் அண்ணா.

பரிசோதிக்கும் பெண் அவன் வலது கண்ணை மூடிவிட்டு, சுவரில் ஒளிரும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். மேல் இரண்டு வரியைக் கடகடவென்று சொன்னான். மூன்றாவதின் நடுவில் நிறுத்தினான்.

"இந்த அட்டையை மாத்துங்கம்மா. இது எனக்கு மனப்பாடம். போன ரெண்டு தடவையும் அப்படித்தான் சொன்னேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்தேன். அவன் நேராக உட்கார்ந்திருந்தான்.

வேறு அட்டை வந்தது. பெரிய எழுத்து ஒன்று, அதைச் சொன்னான். அதற்குக் கீழே, "தெரியலை" என்றான். அடுத்தது. "தெரியலை." ஒன்பது மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அந்த வார்த்தையை அவன் வாயில் நான் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

சொட்டு மருந்து மாற்றியிருக்கிறார்கள். ஜனவரியில் அறுவைசிகிச்சை, போனது திரும்பாதாம், இருப்பதைக் காக்கலாமாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் அதுவும் இல்லை என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் படிக்கட்டின் மேல்படியில் நின்றான். வழக்கமாக எனக்கு முன்னால் விடுவிடுவென்று இறங்குகிறவன்.

"எத்தனை படி பாப்பா?"

"ஒன்பது" என்றேன். கையை நீட்டினான்.