விருந்தாளிக் கோப்பைகள்

அன்புள்ள குட்டிமா,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து கோப்பைப் பெட்டியை இறக்கினேன். என் கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கித் தந்த நீல விளிம்புக் கோப்பைகள், தொட்டால் அடி விழும் என்று நீ தள்ளி நின்றே பார்ப்பாயே, அவைதான். இருபத்துநான்கு வருடமாக விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வருபவை. போன ஞாயிறு நீ வீடியோவில் அறையைக் காட்டியபோது, நான் கொடுத்தனுப்பிய போர்வை உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது, நீயோ நூல் தொங்கும் பழசைப் போர்த்தியிருந்தாய். ஏன்டி என்று கேட்டதற்கு, புதுசும்மா, அழுக்காயிடும், அப்புறம் எடுத்துக்கலாம் என்றாய். சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். வைத்த பிறகுதான் அது என் குரல் என்று உறைத்தது.

இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தாத்தா வாங்கிய சோபாவின் பிளாஸ்டிக் உறை அவர் போகும்வரை பிரிக்கப்படவே இல்லை, வெயில் காலத்தில் தொடை ஒட்டிக்கொண்டு சரக்கென்று பிய்த்துக்கொண்டு எழுவோம். அது அப்படியே எனக்குள் வந்துவிட்டது. கல்லூரி நூலகத்திலும் புது அகராதிகளைப் பூட்டிவைத்துவிட்டு அட்டை கிழிந்ததைத்தான் மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். எங்கள் அட்டெண்டர், புத்தகத்த யாராவது படிச்சுத் தொலச்சுடப் போறாங்க மேடம், சாவிய பத்திரமா வையுங்க என்று கிண்டல் செய்வார். எவ்வளவோ படித்தேன், இந்த ஒரு பூட்டை மட்டும் படிப்பால் திறக்க முடியவில்லை.

அப்பாவின் கண்ணைப் பற்றி உன்னிடம் சொன்னது முழு உண்மை இல்லை. பஸ் ஓட்டும்போது பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியவில்லை என்று இரண்டு வருடம் முன்பே சொன்னார். லீவு கெடைக்கட்டும், பாத்துக்கலாம் என்றார், நானும் சரி என்றேன், நம் வீட்டில் அது நியாயமான பதிலாகத்தான் பட்டது. கண்ணில் அழுத்தமாம். இடது கண் போய்விட்டது, வலது கண்ணில் நேர் எதிரே ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம். போனது திரும்பாது, மருந்து விட்டாலும் இருப்பது ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸுக்காவது ரெண்டு பக்கமும் கண்ணாடி இருந்துச்சு, எனக்கு அதுவும் இல்ல என்று சொல்லிச் சிரிக்கிறார். நான் சிரிப்பதில்லை.

அதனால்தான் இன்று அந்தக் கோப்பையில் டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். உடனே சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு, காலி நாற்காலி பக்கம் திரும்பி, வாங்க வாங்க, எப்ப வந்தீங்க என்று கேட்டார். யாரும் வரலைங்க, நமக்குத்தான் என்றேன். பிறகு, நமக்கு எதுக்கும்மா இது, ஒடஞ்சிடப் போவுது என்று கோப்பையை நீட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா, டீயை எவர்சில்வர் டம்ளருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கோப்பையைக் கழுவித் துடைத்து மேலேயே வைத்துவிட்டேன். இந்த வயதுக்கு மேல் நான் மாறுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நீ மாறுவாயா என்றும் தெரியவில்லை.

இருந்தாலும் தாய் என்பதால் சொல்கிறேன், அந்தப் போர்வையைப் பிரி. இந்தக் கண் நோய் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கும் வருமாம், இந்த வாரமே போய் உன் கண்ணைக் காட்டிவிடு, லீவு வரட்டும் என்று மட்டும் சொல்லாதே. நீ எதையும் நாளைக்கென்று எடுத்துவைக்காமல் நிறைவாக வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

நான் ஓய்வு பெற்றதும் இருவரும் உன்னிடம் வருவதாக வைத்திருந்தோமே, அதற்கு இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன், நாளைக் காலை கொடுக்கப்போகிறேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அந்த வட்டம் மூடுவதற்குள் அவரை உன்னிடம் கூட்டிவந்து, உன்னை அதற்கு நேரே நிறுத்த வேண்டும்.

உன்
அம்மா