ஜூலையும் கறுப்பு இறக்கும் நாளும்

வின்னிபெக், 11 பிப்ரவரி 2024

அன்புள்ள எர்லிண்டா,

ஊருக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் நீ கேட்டாய்: "எவ்வளவு காலம் வராம இருந்தா நம்ம வீடு நம்ம வீடு இல்லாம போகும்?" அப்போது சிரித்து மழுப்பினேன். இப்போது விசாரித்துவிட்டேன்.

கனடாவில் நிரந்தரவாசியாக இருப்பவர் ஐந்தாண்டில் இரண்டாண்டாவது இங்கே இருந்திருக்க வேண்டும். நீ ஒன்றரை ஆண்டு இருந்தாய். பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பிலிப்பைன்ஸுக்கு, நம் இலோய்லோவுக்குப் போனாய். உன் ஐந்தாண்டு வரும் ஜனவரியில் முடிகிறது. குறையும் ஆறு மாதத்தை நிரப்ப ஜூலைக்குள் வராவிட்டால் அந்த உரிமை கைவிட்டுப் போகலாம்.

"கார்டுல 2025 வரைக்கும்னு போட்டிருக்கே" என்பாய். என் வகுப்பில் அடையாள அட்டை வைத்திருந்த பிள்ளைகள் எல்லாரும் பரீட்சை எழுதினார்களா? வகுப்புக்கு வந்த நாள் தனிக் கணக்கு.

இங்கே பனி முழங்காலளவு. நான் வடிக்கும் சோற்றை நானே திட்டிக்கொண்டு சாப்பிடுகிறேன். வந்துவிடு.

உன் தியோ

இலோய்லோ, 3 மார்ச்

அன்புள்ள தியோ,

அக்டோபரில்தான் அம்மா போய் ஓராண்டு நிறைகிறது. மூத்த மகள் நான். அன்றைய பூசை முடிந்து, ஓராண்டாக உடுத்தும் துக்கக் கறுப்பை இறக்காமல் எப்படிக் கிளம்புவேன்? பேச்சை எடுத்ததற்கே தம்பி மனைவி நோரா, "போங்க அண்ணி, கறுப்பைப் பனியிலேயே இறக்கிக்கோங்க. யாராவது கேட்டா, அம்மாவைவிட அட்டை பெரிசாப் போச்சுன்னு நான் சொல்லிடறேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

உங்களோடு இருக்க ஆசை இல்லாமலா? ஆனாலும் எது போனாலும் போகட்டும், அக்டோபர் வரை இங்கேதான். கோபமா? முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

எர்லிண்டா

வின்னிபெக், 24 மார்ச்

அன்புள்ள எர்லிண்டா,

கோபம்தான், இரண்டு மூன்று நாள். பிறகு உன் கடிதத்தோடு, குடியேறியவர்களுக்கு உதவும் நிலையத்துக்குப் போனேன். அங்கே மாரிசெல் என்று ஒரு பெண், நம்மூர்ப் பக்கம்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன் சார், மூணு வருஷமா அவங்களுக்கே ஹாஜர் எடுத்துட்டு இருக்கீங்க, நீங்க எப்ப கிளாசுக்குப் போவீங்க?" என்றாள்.

நான் இந்த நாட்டுக் குடிமகன். குடிமகனான கணவனோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாட்களும் இங்கே இருந்ததாகக் கணக்கில் வரலாமாம். சான்று கேட்பார்கள், முடிவு அதிகாரி கையில்.

மறுத்துவிட்டால்? மறுக்கட்டும். உன்னோடு இருந்த நாட்களை எந்த அதிகாரியும் திருப்பி வாங்க முடியாது. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை, உனக்காகக் காத்திருப்பதைத் தவிர? வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். ஏப்ரல் கடைசியில் வருகிறேன்.

இத்தனை காலத்தில் கட்டிலின் நடுவே படுத்துப் பழகியிருப்பாய். இன்றிரவு முதல் சுவரோரமாகத் தள்ளிப் படுத்துப் பார்.

உன் தியோ