காப்பு கட்டியவன் ஊதினால் சிவப்பு

ஜூலை 29, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கடைக்கு வரவழைக்க: கையுறை, காதடைப்பான், ஹெல்மெட் (மஞ்சள் மட்டும்).

கடை திறந்ததும் வம்பு வாசலில் நின்றது. ஏழுமலை. கம்பெனி பஸ் டிரைவர், வடக்குப்பட்டு. ஷிப்டுக்கு வண்டி எடுக்கும் முன், நான் விற்ற குடி சோதிக்கும் கருவியில் ஊதியிருக்கிறான். சிவப்பு விளக்கு. குடித்திருக்கிறான் என்று டிராவல்ஸ் முதலாளி பாஸ்கர் சாவியைப் பிடுங்கிவிட்டார்.

ஏழுமலை கையில் மஞ்சள் காப்பு. ஞாயிறு தீமிதி. விரதம், மோரும் இளநீரும்தான் சாப்பாடு.

"வேலை போனா வேற வண்டி ஓட்டிக்குவேன்ணா. ஊர்ல இன்னா பேசறானுங்க தெரியுமா? குடிகாரன் குண்டத்துல எறங்கக் கூடாது, காப்பை அவுருன்றானுங்க. வெறும் வயித்தோட கீறேன் நானு! எல்லாம் உன் பொட்டியால."

ரோட்டோரம் ஹெல்மெட் குவித்து விற்ற காலத்தில்கூட என் சரக்கு ஒருத்தன் மானத்தை வாங்கியதில்லை.

ஜூலை 30, புதன்

தூறல். தண்டலம் போனேன். ஸ்டெல்லா மேடம், என் கூட்டாளி. கல்லூரி வேலையை விட்டுவிட்டு, கருவிக்குள் இருக்கும் சில்லை, அதாவது சிப்பை, செய்பவர். சில்லின் மேல் வெள்ளீய ஆக்சைடு, முடியைவிட மெல்லிய பூச்சு. சாராய ஆவி பட்டால் அதில் மின்சாரம் கூடும், சிவப்பு எரியும்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரே கேள்வி: "அவரு எதாவது சாப்ட்டாரா சார்?"

"மோர்."

"அதான். பட்டினி கெடந்தா ஒடம்புக் கொழுப்பு கரையும். மூச்சுல அசிட்டோன் வரும். நெயில் பாலிஷ் அழிக்கிறோமே, அந்த வாசனை. நம்ம பூச்சுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எது வந்தாலும் கத்தும்."

ஆக, அம்மனுக்கு விரதம் இருந்தவன் குடிகாரன்!

வழி உண்டாம். பூச்சில் லாந்தனம் என்ற உலோகத்தைச் சிட்டிகை கலப்பது. டோப்பிங் என்கிறார். அளவு சரியாக விழுந்தால் சாராயத்துக்குக் காது கொடுக்கும், மற்றதைக் கண்டுகொள்ளாது. உடம்பெல்லாம் பரபரப்பு எனக்கு.

சோதிக்க வாங்கியவை: நெயில் பாலிஷ் ரிமூவர், குவார்ட்டர் ஒன்று. ஃபேன்சி ஸ்டோர் பெண், "ரிமூவர் அண்ணிக்காண்ணா?"

"பஸ் டிரைவருக்கு."

ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 31, வியாழன்

வெயில். முதல் சில்லு சுமார். ரிமூவருக்குக் கத்துவது பாதி குறைந்தது. "கூடப் போடுங்க மேடம்." "வேணாம் சார்." நான் விடவில்லை. போட்டார். உலையில் சுட்டு எடுத்தால், பிணம். ரிமூவருக்கும் அசையவில்லை, சரக்குக்கும் அசையவில்லை.

"சந்தோஷமா சார்? இப்ப ஊரே யோக்கியம்."

வாயைப் பொத்திக்கொண்டு போய் டீ வாங்கி வந்தேன். இனி அளவு அவர் பாடு.

ஏழுமலை போன். சனிக்கிழமைக்குள் பாஸ்கர் வாயால் 'குடிக்கவில்லை' என்று வரவேண்டுமாம். இல்லையேல் காப்பு அவிழும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி, மதியம்

பிடித்துவிட்டது! ரிமூவர் நனைத்த பஞ்சைக் காட்டினால் பச்சை. அப்படியே பச்சை. சரக்கு ஒரு சொட்டு, படக்கென்று சிவப்பு. திரும்பத் திரும்பப் பார்த்தோம். மேடம் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார். பாஸ்கர் நாளைக் காலை வருகிறாராம்.

குவார்ட்டரில் செலவானது நாலைந்து சொட்டுதான். மிச்சத்தை வீணாக்குவானேன். பிரியாணியோடு முடித்தேன். எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

வெள்ளி, விளக்கு வைத்த பிறகு

பாஸ்கர் இன்றே வந்துவிட்டார், நாலு மணிக்கு. கூட ஏழுமலை, கோயில்காரர் ஒருவர். ஏழுமலை இன்னும் வெறும் மோர்தான். புதுச் சில்லு போட்ட கருவியில் ஊதினான். பச்சை.

பாஸ்கர் மசியவில்லை. "எல்லாத்துக்கும் பச்சை காட்டற பொட்டியைக் குட்த்து ஏமாத்தறியா? குடிச்சவன் ஊதினா எரியுதான்னு காட்டுய்யா."

மேடம் பாட்டிலைத் தேடினார். காலி. என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ ஊதுணா," என்றான் ஏழுமலை.

வேறு வழி? ஊதினேன். செக்கச்சிவப்பு.

"ஆடி வெள்ளில!" கோயில்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பாஸ்கருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பஸ் சாவியை ஏழுமலை கையில் வைத்தார். "இவன் குடிக்கலய்யா, நான் சொல்றேன். எல்லா வண்டிக்கும் இந்தச் சில்லையே போடு. மொதல்ல உன் பைக் சாவியைக் குடு இப்டி."

ஆட்டோவில் வீடு. சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அம்மனுக்குப் படைத்த கூழ் அக்கம்பக்கம் எல்லாருக்கும் உண்டு, எனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டாள் வீட்டுக்காரி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வடக்குப்பட்டு. காற்று இல்லை, நல்லது. பாஸ்கரும் வந்திருந்தார். குண்டம் தகதகவென்று. வரிசையில் மஞ்சள் வேட்டியோடு ஏழுமலை, கையில் காப்பு. இறங்கப் போகிற நேரத்தில் என்னைக் கண்டுவிட்டான். பம்பைச் சத்தத்தையும் மீறி ஒரு கத்தல்:

"ணா! பத்தடி தள்ளி நில்லு! உன் மூச்சு பட்டா பத்திக்கும்!"

தள்ளி நின்றேன்.