பச்சைக் கட்டங்கள்

2025 பெப்ரவரி 3, திங்கள்
தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் பதினொரு பிள்ளைகளையும் நான் வேலை பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன். முன்பு கொழுந்து நிறுத்த பழைய மடுவத்தில் ஓர் அமெரிக்கன் வந்து தங்கியிருக்கிறான். ஓவியனாம். எல்ல டவுனிலிருந்து த்ரீவீலரில் ஏற்றி வந்தது என் வீட்டுக்காரர் றொனிதான்.

பெப்ரவரி 6, வியாழன்
படத்தைப் பார்த்தேன். மலையும் இல்லை, மரமும் இல்லை. வரிசையாகப் பச்சைக் கட்டங்கள், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இதை என் காம்பராப் பிள்ளைகளே கிறுக்குமே. இதற்காகவா ஒருவன் அமெரிக்காவிலிருந்து வருவான்?
அங்கேயும் இந்த மாதிரி ஓவியர்களைப் பார்த்துச் சனங்கள் இப்படித்தான் சிரிக்குமாம். சிரித்துக்கொண்டே காசு கொடுத்து, வரிசையில் நின்று பார்க்குமாம். றொனி சொல்கிறார். நல்ல கதை.

பெப்ரவரி 7
கட்டங்களை எண்ணினேன். பத்து. எங்கள் லயத்து வரிசையிலும் பத்து வீடு.

பெப்ரவரி 11, செவ்வாய்
அது படமே இல்லை, பிளான். சிவப்புக் கோடு பாதை. ஹோட்டல் கட்ட இடம் பார்க்க வந்தவன் — வேறென்ன? நாலு தலைமுறையாக இருக்கிறோம், ஒரு துண்டுக் காணிக்காவது உறுதிப் பத்திரம் உண்டா எங்களிடம்? லயத்துக்குப் பின்னால் நான் போட்ட போஞ்சிக்காய்த் தோட்டம் போனா நான் என்னா பண்ணுவேன்?
"ஒனக்கு யாரப் பாத்தாலும் சந்தேகம்" என்கிறார் றொனி. இருக்கட்டும்.

பெப்ரவரி 16, ஞாயிறு
பூசை முடிந்து இருபது பேர் மடுவத்துக்குப் போனோம். தொழிற்சங்கத் தலைவர் ஜெயகுமார் என்ன பிளான் என்று கேட்டார், றொனி இங்கிலீசில் சொன்னார். அமெரிக்கன் பயந்துபோய் எல்லாப் படங்களையும் வெளியே பரப்பினான். ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்கா சிரித்தேவிட்டார். காலையில் பார்த்த பச்சையைத்தான் வரைந்தானாம். யார் நம்புவது?

பெப்ரவரி 18
போய்விட்டான். எனக்கு நிம்மதி. றொனிதான் காசு வாங்காமல் எல்லவுக்குக் கொண்டுபோய் விட்டார்.

மார்ச் 6, வியாழன்
நில அளவைக்காரர்கள் மூன்று பேர் தேயிலைத் தோட்டத்து ஒப்பீஸ் கிளாக்கரோடு வந்தார்கள். வீட்டுக்கெல்லாம் உறுதி வரப்போகிறதாம், அதற்குத்தான் அளவாம். நல்ல மரியாதையான பிள்ளைகள். "அக்கா, ஒங்க தோட்டம் எதுவரைக்கும்?" என்று ஒருவர் கேட்டார். கூடவே நடந்து காட்டிக் கொடுத்தேன். தேத்தண்ணியும் ஊற்றினேன்.

ஏப்ரல் 2, புதன்
போஞ்சிக்குள் எல்லைக் குற்றி அடித்திருக்கிறார்கள். வேலி வருமாம், உள்ளே ஹோட்டலாம். ஜெயகுமார் ஒப்பீசில் போய்ச் சண்டை போட்டாராம். "எல்லைய அந்தந்த வீட்டு ஆளுகதானே காட்டுனாங்க" என்றார்களாம்.
காட்டுனேன். நாந்தான் காட்டுனேன். நான் காட்டுன எடத்த விட்டுட்டு அவங்க என்னா வரையிறாங்கன்னு எட்டிக்கூடப் பாக்கல.
றொனி திட்டவில்லை. பிஞ்சு போஞ்சியையும் சேர்த்துப் பறித்து வந்து அடுப்படியில் வைத்தார்.