எல்லாத் துளையும் திறந்த அட்டை

பிள்ளையார்பாளையம்
சனிக்கிழமை மதியம்

அண்ணா, அம்மா சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவதாக ஒப்புக்கொண்டு, தங்கை காவேரி எழுதுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாயாம், கடிதத்தில் முடியாதாம். இனி அம்மாவின் வார்த்தைகள்.

தினகரா, இங்கே அனைவரும் நலம், டப்ளினில் நீ நலமா என்று கேட்க எனக்கு மனமில்லை, நீ மட்டும் எங்களையா விசாரிக்கிறாய், "கம்ப்யூட்டர் ஓடிக்கினு இருக்குதாம்மா" என்றுதானே கேட்கிறாய். ஓடுகிறது, எழுபத்தொரு நாளாக ஓடுகிறது. புடவைக்கு டிசைன் போட வாங்கியதில் உன் கணக்கை ஏற்றிவிட்டுப் போனாய், அன்றிலிருந்து டிசைனைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. உன் தங்கை சுகாசினிக்கு ஆவணியில் கல்யாணம், முகூர்த்தப் புடவையின் டிசைனுக்கு இன்னும் தறி அட்டையில் துளை அடிக்கவில்லை, அப்பா வெறும் தறியில் உட்கார்ந்திருக்கிறார். நெசவுக்காரர் மகள் கடைப் புடவையில் மணையேறினால் சம்பந்தி ஜெயம்மாள் சும்மா இருப்பாளா? நிறுத்துகிறேன் என்றால் அப்பா விடவில்லை, "புள்ள ஆசையா கேட்டுக்கினான், இன்னும் மூணு நாள்தானே வடிவு" என்கிறார்.

உன் கணக்கு தேடுவது அப்படி என்ன எண் என்று காவேரியைக் கேட்டேன். எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருமாம், இரண்டரைக் கோடி இலக்கமாம், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாவிட்டால் பகா எண்ணாம். கம்ப்யூட்டர் பாஷையில் எழுதினால் பூஜ்யமே இல்லாமல் எல்லாம் ஒன்றாக இருக்குமாம், நம் ஜக்கார்டு அட்டையில் ஒன்று என்றால் துளை என்றாள். டேய், எல்லாத் துளையும் திறந்த அட்டையைப் போட்டால் எல்லா இழையும் சேர்ந்து மேலே எழும்பும், பூ எங்கேடா விழும்? துளையில்லாமல் அடைத்த இடமும் இருந்தால்தானே புடவையில் அன்னப் பறவை வரும். நாலில் தொடங்கி, வர்க்கம் எடுத்து, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மறுபடி வர்க்கம் எடுத்து, இப்படியே எட்டுக் கோடிப் படியாம். கடைசியில் பூஜ்யம் வந்தால்தான் பகா எண், அதுவரை ஒன்றும் தெரியாது, நடுவில் நின்றால் முதலிலிருந்தாம். தறியில் பாவு இழை அறுந்தால் நாங்கள் அறுந்த இடத்தில் பிணைத்துவிட்டு நெய்கிறோம். விட்ட இடத்தில் தொடர வழி வைக்கத் தெரியாத உனக்கு டாக்டர் பட்டம் ஒரு கேடா? கல்யாணத்துக்கு வருவாயா என்றதற்கு "ரிசல்ட் வரட்டும்மா" என்றாய். பொரியிட அண்ணன் வேண்டும், உன் எண் வந்து பொரி அள்ளிப் போடுமா?

காமாட்சி உனக்கு ஆயுளும் அதைவிட அதிகமாகப் புத்தியும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் எடுத்த பிறகு போன் செய்தால் போதும்.

இப்படிக்கு,
கோபம் தீராத அம்மா,
வடிவாம்பாள்

அண்ணா, அம்மா கையெழுத்துப் போடும்போதே கரண்ட் போய்விட்டது. ஐந்து மணிக்குத்தான் வருமாம், கம்ப்யூட்டரும் ஃபேனும் விளக்கும் ஓடுகிற இன்வெர்ட்டரில் பாதி சார்ஜ்கூட இல்லை. அம்மா விருட்டென்று உள்ளே போனார், கணக்கை நிறுத்தப் போகிறார் என்று நானும் பின்னால் ஓடினேன். "ஓடித் தொலையட்டும், இத அவனுக்கு எழுதாத" என்றார். பிறகு கண் வலிக்கிறது என்று எப்போதோ விட்டுவிட்ட கட்டத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, சுகாசினி அக்காவின் அன்னங்களைக் கையால் வரைய வாசல் வெளிச்சத்துக்குப் போனார். போகிற வழியில் ஒவ்வோர் அறையிலும் ஃபேனை நிறுத்தினார், விளக்குகளை அணைத்தார்.